தமிழ் மார்க்டவுனைப் பிடிஎஃப் ஆக்க எந்த வழி? ஒவ்வொன்றும் எங்கே உடைகிறது?

சாதாரண எழுத்துக்கோப்பிலேயே சில குறிகளைப் போட்டு வடிவம் சொல்லும் முறைதான் மார்க்டவுன். அதில் எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை. நோட்பேட் போதும். தலைப்புக்கு முன்னால் ஒரு ஹாஷ், தடித்த எழுத்துக்கு இரண்டிரண்டு நட்சத்திரம், பட்டியலுக்கு ஒரு சிறுகோடு, அவ்வளவுதான். 2004-இல் ஜான் குரூபர் இதை வெளியிட்டபோது இணையப் பக்கம்தான் அவர் நோக்கம். அச்சுத்தாளுக்குக் கொண்டுபோகும் வேலையைப் பின்னால் வந்த கருவிகள் எடுத்துக்கொண்டன. அவற்றில் பெரிய கை பான்டாக் என்ற கோப்பு மாற்றி. பெர்க்லியில் தத்துவப் பேராசிரியராக இருக்கும் ஜான் மக்ஃபார்லேன் 2006-இல் வெளியிட்டது.

ஆங்கிலக் கோப்பைப் பான்டாக்கிடம் கொடுத்தால் ஒரே கட்டளையில் பிடிஎஃப் வந்துவிடுகிறது. அதே கட்டளையைத் தமிழ்க் கோப்புக்குக் கொடுத்தால் பிழைச் செய்தி வரும்; அமைப்பைக் கொஞ்சம் மாற்றினால் வெற்றுத்தாள் வரும். உதவி கேட்டால், பக்கம் அமைக்கும் நிரல்களில் ஒருவர் ஸீலேடெக் போடு என்பார், ஒருவர் டைப்ஸ்டுக்கு மாறு என்பார், இன்னொருவர் பேசாமல் குரோமில் திறந்து பிரிண்ட் கொடு என்பார். மூவர் சொல்வதும் ஓரளவு சரிதான். நன்றாக ஓடும்போது எல்லா வழியும் நன்றாகத்தான் இருக்கிறது. எது எப்படி உடைகிறது, உடைந்தது நம் கண்ணில் படுமா என்பதை வைத்துத்தான் நான் தேர்ந்தெடுப்பேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். பான்டாக் தானாகப் பிடிஎஃப் செய்வதில்லை. மார்க்டவுனைப் படித்து லேடெக், டைப்ஸ்ட் என்ற அச்சமைப்பு மொழிகளில் ஒன்றாகவோ இணையப் பக்கத்தின் எச்டிஎம்எல்லாகவோ மாற்றி, பக்கம் அமைக்கும் எஞ்சினிடம் ஒப்படைக்கிறது. ஆக, பிழை நடக்க இரண்டு இடங்கள் இருக்கின்றன. எந்த இடம் என்று தெரியாமல் எஞ்சினை மாற்றிக்கொண்டே போனால் நாள் போகும், வேலை ஆகாது. பிடிஎஃப் கேட்பதற்குப் பதிலாக இடைப்பட்ட கோப்பையே கேளுங்கள். வெளியீட்டுக் கோப்பின் பெயர் டெக் (.tex) என்று முடிந்தால் பான்டாக் அங்கேயே நின்றுவிடும். அதைத் திறந்து, பட்டியல் பட்டியலாக வந்திருக்கிறதா, தலைப்பு தலைப்பாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் குற்றம் எஞ்சினுடையது. அங்கேயே தப்பாக இருந்தால் எந்த எஞ்சினும் காப்பாற்றாது.

எஞ்சின் மேல் பழி போடுமுன்

தப்பு மார்க்டவுனில் இருப்பது நாம் நினைப்பதைவிட அதிகம். பட்டியலுக்கும் தலைப்புக்கும் முன்னால் ஒரு வெற்றுவரி வேண்டும் என்பது பான்டாக்கின் சொந்த மார்க்டவுன் விதி. கிட்ஹப்போ, எழுதும் செயலியின் முன்னோட்டமோ அதைக் கேட்பதில்லை. அதனால் திரையில் அழகாகத் தெரிந்த பட்டியல் பிடிஎஃபில் சிறுகோடுகளோடு ஒரே பத்தியாக ஓடும். உள்ளீட்டு வகையாகக் கிட்ஹப்பின் மார்க்டவுனைச் சொல்லிவிட்டால் இது தீர்ந்துவிடும்.

அடுத்தது கோப்பின் தலையில் வரும் யாமல் பகுதி, அதாவது தலைப்பு, ஆசிரியர் பெயர் போன்ற விவரங்களை எழுதும் இடம். நூலின் தலைப்பில் முக்காற்புள்ளியும் அதன்பின் இடைவெளியும் இருந்தால், தலைப்பு முழுவதையும் மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். தமிழில் ‘சங்க இலக்கியம்: ஓர் அறிமுகம்’ பாணித் தலைப்புகள்தான் பாதி என்பதால் இந்தப் பிழை நமக்கு ரொம்பப் பழக்கம்.

விகுதி ஒட்டுவதாலும் ஒரு சிக்கல் வருகிறது. மேற்கோள் குறியோடு சேர்த்து ஒரு சொல்லைத் தடித்த எழுத்தாக்கி, இடைவெளி விடாமல் ‘என்ற’ என்றோ ‘இல்’ என்றோ ஒட்டினால், காமன்மார்க் என்ற பொது மார்க்டவுன் விதியைப் பின்பற்றும் மாற்றிகள் அதை முடிவுக்குறியாக ஏற்பதில்லை. நட்சத்திரங்கள் அப்படியே அச்சாகும். மேற்கோள் குறியைத் தடித்த பகுதிக்கு வெளியே தள்ளிவிட்டால் சரியாகிவிடும்.

அப்புறம் அட்டவணை. குழாய்க்கோடு போட்டு எழுதும் அட்டவணையில் எல்லா வரிகளும் 72 எழுத்துக்குள் அடங்கினால், கட்டத்துக்குள் வரி மடங்காது என்று முடிவுசெய்துதான் பான்டாக் வெளியிடும். ஒரு வரியாவது அதைத் தாண்டினால், தலைப்புக்குக் கீழே நீங்கள் போட்ட சிறுகோடுகளின் எண்ணிக்கை விகிதத்தில் பத்திகளின் (நெடுவரிசைகளின்) அகலத்தைப் பிரிக்கும். தமிழ் எழுத்து அகலமானது. ஆங்கிலத்தில் 70 எழுத்து பிடிக்கும் இடம் தமிழுக்குப் போதாது. விளைவு, அட்டவணையின் கடைசிப் பத்தி தாளுக்கு வெளியே போய்விடும். எஞ்சினை மாற்றிப் பயனில்லை. ஏதாவது ஒரு வரியை 72 தாண்டும்படி இடைவெளி விட்டு நீட்டி, எந்தப் பத்தி அகலம் வேண்டுமோ அதன் கீழ் சிறுகோடுகளைக் கூட்டினால் வரி மடங்கத் தொடங்கும்.

வெற்றிடம், கட்டம், புள்ளிவட்டம்

எழுத்து தப்பாக வந்தால், எப்படித் தப்பாக வந்திருக்கிறது என்று ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். எழுத்து இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கிறது, பக்க எண்ணும் ஆங்கிலச் சொற்களும் மட்டும் தெரிகின்றன என்றால், டெக் எஞ்சினுக்குக் கொடுத்த எழுத்துருவில் தமிழ் இல்லை. காலிக்குப் பதில் கட்டம் கட்டமாக வந்தாலும் அதே நோய்தான்.

‘கெ’ என்பதில் க முன்னால் நின்று கொம்பு பின்னால் போய்விட்டால், எழுத்துரு சரி, ஆனால் எழுத்துகளைச் சேர்க்கும் வேலை நடக்கவில்லை. ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் யூனிகோடில் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகின்றன. அவற்றை முன்னால் கொண்டுவருவதும், ஒகரக் குறியைப் பிளந்து இரு பக்கமும் நிறுத்துவதும் எஞ்சினின் பொறுப்பு. இன்று அனேகமாக எல்லாரும் அதற்கு ஹார்ஃப்பஸ் என்ற நிரலைத்தான் நம்புகிறார்கள்.

புள்ளிபோட்ட வட்டம் ஒன்று முளைத்து அதன் பக்கத்தில் கொம்பு நின்றால், மூலக் கோப்பே கெட்டிருக்கிறது. பாமினி மாதிரிப் பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் கொம்பைத்தான் முதலில் தட்டுவோம். அரைகுறை மாற்றி ஒன்று அந்த வரிசையை அப்படியே யூனிகோடுக்குக் கொண்டுவந்துவிட்டால் வட்டம் வரும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்நூல்கள் டிஸ்கி என்ற பழைய குறியாக்கம், யூனிகோடு என்று இரண்டு வடிவிலும் உண்டு. அங்கிருந்து எடுக்கிறவர்கள் எந்த வடிவம் என்று பார்த்து எடுப்பது நல்லது. ஔ இருக்க வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் தனித்தனியாகத் தட்டியிருப்பது இன்னொரு தலைவலி. கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் அகப்படும்.

லேடெக் வழி: பழுத்த அனுபவம், வாய் திறக்காத குணம்

பான்டாக்கின் இயல்பான எஞ்சின் பிடிஎஃப்லேடெக். தமிழைக் கண்டதும் இந்த எழுத்து எனக்குத் தெரியாது என்று நின்றுவிடும். பான்டாக்கும் ஸீலேடெக்கை முயன்று பார் என்று அங்கேயே ஆலோசனை சொல்லும். நின்றுவிடுவது நல்ல குணம். ஸீலேடெக்குக்குப் போனதும்தான் வம்பு. எழுத்துரு எதுவும் சொல்லாமல் ஓட்டினால், லத்தீன் எழுத்து மட்டுமே உள்ள இயல்பு எழுத்துருவை எடுத்துக்கொண்டு வெற்றுத்தாளைப் பிடிஎஃபாகத் தந்துவிட்டு, வேலை முடிந்தது என்று சொல்லும். எழுத்து இல்லை என்ற எச்சரிக்கை நூற்றுக்கணக்கான வரிகளில் ஓடும். அதை யார் படிக்கிறார்கள்?

முதன்மை எழுத்துருவாக நோட்டோ செரிஃப் தமிழைக் கொடுங்கள். கூடவே எழுத்துரு விருப்பங்களில் ஸ்கிரிப்ட் தமிழ் என்று சொல்லுங்கள். இரண்டாவதை விட்டால் கொம்பு இடம் மாறுவதற்கு வழி உண்டு. இத்தோடு உடல் பகுதி நேராகிவிடும். ஆனால் நிரல் கட்டங்களுக்குள் தமிழ்க் குறிப்பு எழுதியிருந்தால் அங்கே மறுபடி வெற்றிடம், ஏனென்றால் அங்கே ஓடுவது வேறு எழுத்துரு. ஸீலேடெக்குக்கு ஒரு எழுத்துருவில் இல்லாததை இன்னொன்றில் தேடும் பழக்கம் கிடையாது.

லுவாலேடெக் அதைச் செய்யும். பான்டாக்கின் புதிய பதிப்புகளில் மாற்று எழுத்துருப் பட்டியல் கொடுக்க ஒரு மாறி இருக்கிறது; அது லுவாலேடெக்குக்கு மட்டுமே. டெக் லைவ் என்ற லேடெக் தொகுப்பின் 2020 பதிப்பு முதல் லுவாலேடெக்கிலும் ஹார்ஃப்பஸ் உள்ளே இருக்கிறது, ஆனால் தானாக விழிக்காது. எழுத்துரு விருப்பத்தில் ரெண்டரர் ஹார்ஃப்பஸ் என்று எழுதி எழுப்ப வேண்டும். மாற்றுப் பட்டியலில் தமிழ் எழுத்துரு இருந்தால் அங்கும் அதன் பெயருக்குப் பின்னால் ஹார்ஃப் முறை என்று தனியாகச் சொல்ல வேண்டும். முதல்முறை ஓட்டும்போது கணினியில் உள்ள எழுத்துருக்களையெல்லாம் பட்டியலிட உட்கார்ந்துவிடும். தொங்கிவிட்டது என்று நினைத்து நிறுத்தாதீர்கள்.

இத்தனை தொல்லைக்கும் ஈடாக லேடெக் தருவது பத்தி அமைப்பு. தமிழ்ச் சொல் நீளம். ‘கொண்டுவந்திருக்கிறார்களென்றால்’ போல ஒரு சொல் டெமி அளவுப் புத்தகத்தில் பாதி வரியை அடைத்துக்கொள்ளும். இரு ஓரமும் நேராக வேண்டுமென்றால் சொல்லை வெட்டியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் சொற்களுக்கிடையே அகன்ற வெள்ளை இடைவெளி ஆறாக ஓடும். டெக் உலகில் தமிழுக்குச் சொல்வெட்டு விதிகள் உண்டு. மொழி தமிழ் என்று அறிவித்தால் வேலை செய்யும். ஒரு குறை, வெட்டிய இடத்தில் சிறுகோடு போடும். தமிழ்ப் புத்தகங்களில் பெரும்பாலும் கோடு இல்லாமலே அடுத்த வரிக்குப் போகிறோம். எழுத்துருவைக் கவனிக்கும் ஃபான்ட்ஸ்பெக் என்ற லேடெக் தொகுதியில் அந்தக் கோட்டுக்குப் பதில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தை வைக்க ஒரு விருப்பம் இருக்கிறது. இதைச் செய்த பக்கத்தையும் செய்யாத பக்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், முந்தையது அச்சகத்திலிருந்து வந்ததுபோல இருக்கும்.

படம் விஷயத்தில் பொறுமை வேண்டும். தனிப் பத்தியாக, விளக்கச் சொற்களோடு நிற்கும் படத்தைப் பான்டாக் மிதக்கும் படமாக ஆக்குகிறது. லேடெக் அதைத் தனக்குத் தோதான பக்கத்துக்குத் தூக்கிப்போகும். படவரிக்கு அப்புறம் ஒரு பின்சாய்வுக்கோடு போட்டால் எழுதிய இடத்திலேயே நிற்கும், படத்தலைப்பு மட்டும் போய்விடும்.

டைப்ஸ்ட்: சத்தம் போட்டு உடைவது

பெர்லினில் இரண்டு மாணவர்கள் தொடங்கி 2023-இல் திறமூலமாக வெளிவந்தது டைப்ஸ்ட். முழு டெக் லைவ் பல கிகாபைட். இது ஒரே ஒரு நிரல்கோப்பு, இறக்கியதும் ஓடும். பான்டாக்கும் அதே ஆண்டே இதை எஞ்சினாக ஏற்றுக்கொண்டது. தமிழைச் சேர்க்கும் வேலை உள்ளேயே நடக்கிறது. ஸ்கிரிப்ட், ரெண்டரர் என்று எதுவும் சொல்லத் தேவையில்லை. ஓர் எழுத்துருவில் இல்லாத எழுத்தைத் தானே வேறொன்றில் தேடிக்கொள்ளும்.

எனக்கு இதில் பிடித்தது பிழைச் செய்திதான். எந்த வரி, எந்த இடம், என்ன எதிர்பார்த்தேன் என்று அம்புக்குறி போட்டுக் காட்டும். எழுத்துருவின் பெயரைத் தவறாக எழுதினால் அப்படி ஒன்று இல்லை என்று எச்சரிக்கும். லேடெக் ஓடும்போது எழுதும் பதிவேட்டில் நாற்பது வரி கழித்து நிஜக் காரணத்தைத் தேடிப் பழகியவர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

உடையும் இடங்களும் உண்டு. கூகுள் எழுத்துருத் தளத்திலிருந்து நோட்டோ தமிழை இறக்கினால் சுருக்கக் கோப்பின் மேல்மட்டத்தில் இருப்பது எடை மாறும் ஒற்றைக்கோப்பு எழுத்துரு. தனித்தனி எடைகள் ஸ்டாடிக் என்ற உறைக்குள் இருக்கும். மேலே இருப்பதை நிறுவினால் டைப்ஸ்டில் தடித்த எழுத்து தடிப்பாக வராமல் போகும். ஸீலேடெக்கிலும் இதே தொல்லைதான். உள்ளே இருப்பதை மட்டும் நிறுவுங்கள். சொல்வெட்டில் நான் பயன்படுத்தும் பதிப்புக்குத் தமிழ் தெரியாது. இரு ஓரமும் நேராக்கினால் ஆறு ஓடுகிறது, ஆகவே வலது ஓரத்தை விட்டுப்பிடிப்பதே உத்தமம். அறிக்கை, கையேடு, பாடக்குறிப்பு இதற்கெல்லாம் அது குறையாகவே தெரியாது. நாவலுக்குத் தெரியும். இன்னும் 1.0 பதிப்பு வரவில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்று எழுதிய வார்ப்புரு அடுத்த பதிப்பில் சண்டை போடலாம்.

உலாவி வழி

மார்க்டவுனை எச்டிஎம்எல் ஆக்கி, தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் சேர்த்து, குரோமில் அச்சிடுவது. தமிழைப் பொறுத்தவரை உலாவியைவிட அதிகம் சோதிக்கப்பட்ட இடம் உலகத்தில் இல்லை. எழுத்து உடைவதே அபூர்வம். தெரிந்த சிஎஸ்எஸ் போதும், புதிதாக எதையும் படிக்க வேண்டாம்.

ஆனால் உலாவி எதற்கும் குறை சொல்லாது. படம் கிடைக்காவிட்டால் உடைந்த படச்சின்னத்தோடு அச்சிட்டுவிடும், எழுத்துரு கிடைக்காவிட்டால் கணினியில் இருப்பதைப் போட்டுவிடும். உங்கள் கணினியில் ஒரு மாதிரியும் நண்பர் கணினியில் வேறு மாதிரியும் வருவது இதனால்தான். பக்க ஓரத்தில் நமக்கு வேண்டியபடி பக்க எண் போடும் வசதி குரோமுக்கு 131-ஆம் பதிப்பில்தான் வந்தது. பக்கத்தின் அடியில் நிற்கும் அடிக்குறிப்பு இல்லை. அது வேண்டுமென்றால் பைத்தானில் எழுதப்பட்ட வீஸிபிரிண்ட் இருக்கிறது. லினக்ஸில் நல்ல பிள்ளை, விண்டோஸில் அதன் துணை நூலகங்களை நிறுவப் பொறுமை வேண்டும். பழைய கட்டுரைகள் இன்னும் பரிந்துரைக்கும் டபிள்யூகேஎச்டிஎம்எல்டுபிடிஎஃப் பக்கம் போக வேண்டாம். அதன் களஞ்சியம் 2023 தொடக்கத்திலேயே பூட்டப்பட்டுவிட்டது.

வேர்ட் வழியும் ஒரு வழிதான்

எழுதியதை இன்னொருவர் திருத்தப்போகிறார் என்றால் இந்தப் பேச்சே வேண்டாம், வேர்ட் கோப்புதான். பான்டாக்குக்கு மாதிரிக் கோப்பு ஒன்றைக் கொடுத்தால் அதன் பாணிகளை எடுத்துக்கொள்ளும். இங்கே பலரும் மாட்டிக்கொள்வது ஒரே இடத்தில்: மாதிரிக் கோப்பில் எழுத்துருவையும் அளவையும் மாற்றுகிறார்கள், ஆங்கிலம் மாறுகிறது, தமிழ் அசையவே மாட்டேன் என்கிறது. வேர்டுக்குத் தமிழ் ‘சிக்கலான எழுத்துமுறை’ கணக்கில் வருகிறது. பாணிக்குள் அதற்கென்று தனி எழுத்துரு, தனி அளவு உண்டு. எழுத்துரு உரையாடல் பெட்டியின் கீழ்ப்பகுதியில் இருப்பதை மாற்ற வேண்டும். அந்தப் பகுதியே தெரியாவிட்டால் திருத்த மொழிகளில் தமிழைச் சேர்த்தால் தெரியும். லிப்ரெ ஆபீசிலும் இதே ஏற்பாடு, சிடிஎல் எழுத்துரு என்ற பெயரில். கோப்பு அங்கிருந்து பக்க வடிவமைப்புச் செயலியான இன்டிசைனுக்குப் போகிறதென்றால், பக்கம் அமைப்பவரிடம் வேர்ல்ட் ரெடி கம்போசரைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கொம்பு அங்கே போய் இடம் மாறும்.

எல்லா வழியிலும் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

சாய்வெழுத்து எங்கே போயிற்று என்பது முதல் கேள்வி. மார்க்டவுனில் ஒற்றை நட்சத்திரம் போட்டால் சாய்வு. தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்குச் சாய்வு வடிவமே கிடையாது. உலாவி நேர் எழுத்தையே சாய்த்துப் போலியாகக் காட்டும். ஸீலேடெக் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு நேராகவே அச்சிடும். டைப்ஸ்டும் நேராகவே விடும். அதாவது, திரையில் நீங்கள் பார்த்த அழுத்தம் தாளில் காணாமல் போகும், ஒருவரும் உங்களிடம் சொல்லமாட்டார்கள். லேடெக்கில் போலிச் சாய்வை எழுத்துரு விருப்பமாகக் கேட்கலாம். எனக்கு அது பிடிப்பதில்லை. தமிழ் எழுத்து சாய்ந்தால் விழப்போவதுபோல இருக்கிறது. அழுத்தத்தை வேறு நிறத்துக்கோ தடிப்புக்கோ மாற்றி ஒரு விதி எழுதிவிடுகிறேன்.

இரண்டாவது, பிடிஎஃபிலிருந்து நகலெடுத்தால் தமிழ் தமிழாக வருகிறதா? திரையில் சரியாகத் தெரியும் ‘கோயில்’, நகலெடுத்து ஒட்டும்போது கொம்பு ஓரிடம் கால் ஓரிடமாகச் சிதறலாம். தேடலும் அதற்கேற்பப் பொய்க்கும். ஸீலேடெக்கின் அடியில் ஓடும் ஸீடெக்கில் இதற்கென ஒரு அமைப்பு உண்டு, ஆக்சுவல்டெக்ஸ்ட் என்ற பெயர் அதில் வரும். 1 என்று வைத்தால் மூலச் சொல்லையும் பிடிஎஃபுக்குள் சேர்த்து எழுதும். எந்த வழியில் போனாலும் கெ, கே, கை, கொ, கோ, கௌ ஆறும் வரும் ஒரு வரியை வைத்துச் சோதியுங்கள். தேடலுக்கும் திரைவாசிப்பானுக்கும் பயன்படாத பிடிஎஃபை நான் முடிந்த வேலையாகக் கணக்கில் வைப்பதில்லை.

சரி, எதை எடுப்பது?

புத்தகம் அச்சுக்குப் போகிறது, நூற்றுக்கணக்கான பக்கம், இரு ஓரமும் நேராக வேண்டும் என்றால் லேடெக். அதற்குள் லுவாலேடெக்கை எடுப்பேன், மாற்று எழுத்துரு வசதிக்காக. வேகம் குறைவுதான், புத்தகத்துக்கு அது பரவாயில்லை. ஆனால் வார்ப்புரு ஒருமுறை சரியாக அமையும்வரை பதிவேட்டைப் படிக்கும் பொறுமை உள்ள ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அப்படி யாரும் இல்லையென்றால் புத்தகத்துக்கும் டைப்ஸ்டையே சொல்வேன், ஓரம் நேராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று.

மாதாமாதம் வரும் அறிக்கை, பாடக்குறிப்பு, பயனர் கையேடு, தானியங்கியாக உருவாக வேண்டிய எதுவானாலும் டைப்ஸ்ட். ராத்திரி யாரும் பார்க்காதபோது ஓடும் வேலைக்கு, தப்பு நடந்தால் கத்தும் கருவிதான் வேண்டும். டைப்ஸ்ட் ஒரு பதிப்பில் நின்றுகொள்ளுங்கள், பதிப்பு எண்ணை வார்ப்புருவின் தலையிலேயே எழுதிவையுங்கள். எழுத்துருக்களைத் திட்டத்தின் உறைக்குள்ளேயே வைத்து அந்தப் பாதையைக் கட்டளையில் கொடுத்துவிட்டால் இயந்திரம் மாறினாலும் வெளியீடு மாறாது.

ஏற்கெனவே இணையத்தில் இருக்கும் கட்டுரைக்குப் பிடிஎஃப் வடிவமும் வேண்டும் என்றால் உலாவி போதும். அதற்குப் போய் டெக் லைவை நிறுவுவது வீண்வேலை. பதிப்பாசிரியர் வேர்ட் கேட்டால் வேர்ட். பதிப்பாசிரியரோடு வாதாடி ஜெயித்தவர்கள் யாரையும் எனக்குத் தெரியாது.

முடிவெடுக்குமுன் ஒரு மாலையை ஒதுக்கி ஒரு சோதனைக் கோப்பு எழுதிக்கொள்ளுங்கள். அந்த ஆறு உயிர்மெய்கள், ஸ்ரீ, ஒரு நீளமான சொல், நிரல் கட்டத்துக்குள் ஒரு தமிழ் வரி, ஒற்றை நட்சத்திர அழுத்தம், நான்கு பத்தி அட்டவணை, ஓர் அடிக்குறிப்பு, ஒரு படம், தலைப்பில் ஒரு முக்காற்புள்ளி. ஒரு பக்கத்துக்கு மேல் வராது. அதை நான்கு வழியிலும் ஓட்டி, தாளில் அச்சிட்டு, பேனாவால் வட்டமிடுங்கள். எந்தத் தாளில் உள்ள வட்டங்களைச் சரிசெய்ய உங்களுக்குத் தெரிகிறதோ அந்த எஞ்சினை வைத்துக்கொள்ளுங்கள். கருவியைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் இந்தக் கோப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் புத்தகத்தைத் தொடுங்கள்.